மிண்ட் போட்டேன், விண்டோஸே வருகிறது!

கேள்வி: என் லேப்டாப் 2016-இல் வாங்கியது. விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை என்று அதுவே சொல்லிவிட்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதனால் டாலி கணக்கை மட்டும் பழைய விண்டோஸிலேயே விட்டுவிட்டு, மற்ற வேலைகளுக்காகப் பக்கத்திலேயே லினக்ஸ் மிண்ட் போட்டேன். பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்தபோது அருமையாக ஓடியது. இன்ஸ்டாலும் நல்லபடியாக முடிந்தது. ரீஸ்டார்ட் செய்தால் மிண்ட் வரவில்லை, நேராக விண்டோஸ்! மறுபடியும் முதலிலிருந்து இன்ஸ்டால் செய்தேன். அதே கதை. சர்வீஸ் கடையில் கேட்டால், ‘மொத்தமா ஃபார்மட் அடிச்சிடலாம் சார்’ என்கிறார்கள். அடிக்கலாமா?

– ஜெராக்ஸ் கடை நடத்தும் வாசகர்

பதில்: வேண்டாம். மூன்றாவது முறையாக இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம். உங்கள் மிண்ட் பெரும்பாலும் டிஸ்கில் முழுசாகத்தான் இருக்கும். பவர் பட்டனை அழுத்தியதும் அதை யாரும் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

கூப்பிடுகிற வேலை மதர்போர்டில் உள்ள யூஇஎஃப்ஐ என்ற சின்ன மென்பொருளுடையது. பழக்கதோஷத்தில் எல்லோரும் அதை இன்னும் பயாஸ் என்றுதான் சொல்கிறோம். எந்த சிஸ்டத்தை முதலில் எழுப்புவது, அது வராவிட்டால் அடுத்தது எது என்று அதனிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. டிஸ்கின் ஓரத்தில், பெரும்பாலும் நூறு எம்பி அளவில், இஎஃப்ஐ என்ற ஒரு குட்டிப் பார்ட்டிஷன் இருக்கும். ஒவ்வொரு சிஸ்டமும் தன்னைத் தொடங்கிவைக்கும் ஃபைலை அங்கேதான் வைக்கிறது. மிண்ட் தன் ஃபைலை அங்கே வைக்காமல் விட்டிருக்கலாம். வைத்தும் பட்டியலில் விண்டோஸுக்குக் கீழே நிற்கலாம். உங்கள் வழக்கு இந்த இரண்டில் ஒன்று.

எதைத் தொடும் முன்பும் ஒரு வேலை. விண்டோஸ் செட்டிங்ஸில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் 48 இலக்க ரெக்கவரி கீ இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பயாஸில், நம்பகமற்ற தொடக்க மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட்டை மாற்றிவிட்டு விண்டோஸுக்குப் போனால் அந்த எண்ணைக் கேட்கும். கையில் இல்லையென்றால் டாலி கணக்கு டிஸ்கில் இருந்தும் இல்லாத மாதிரிதான். கணக்கை பேக்கப் எடுத்து வேறு டிரைவில் வைக்கவும் இதுவே நேரம்.

இனி சோதனை. லேப்டாப்பை ஆன் செய்த கையோடு பூட் மெனு கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஆசுஸ் என்றால் பெரும்பாலும் எஸ்கேப். வருகிற பட்டியலில் மிண்ட் என்ற பெயரைத் தேடாதீர்கள், கிடைக்காது. மிண்ட் உபுண்டுவை அடித்தளமாகக் கொண்டது. அதனால் பட்டியலில் ‘உபுண்டு’ என்றே தன் பெயரைப் பதிந்துகொள்கிறது. இது தெரியாமல் பட்டியலையே பார்த்துவிட்டு ‘லினக்ஸ் ஏறவே இல்லை’ என்று முடிவு கட்டுகிறவர்கள் ஏராளம்.

உபுண்டு அங்கே இருந்து, அதைத் தேர்ந்தெடுத்ததும் மிண்ட் வந்துவிட்டால் கவலையே இல்லை. பயாஸுக்குள் போய் பூட் வரிசையில் அதை விண்டோஸ் பூட் மேனேஜருக்கு மேலே ஏற்றிவிட்டு, சேவ் செய்து வெளியே வாருங்கள். சில லேப்டாப்களில் பயாஸுக்கு ஒரு பாஸ்வேர்டு வைத்தால்தான் அந்தப் பகுதியில் கைவைக்கவே விடும். வைத்தால் மறந்துவிடாதீர்கள்.

உபுண்டு பட்டியலிலேயே இல்லையா? இரண்டு முறையும் ஒரே மாதிரி ஆனதால் என் சந்தேகம் இங்கேதான். பென்டிரைவைச் செருகிவிட்டு மறுபடி பூட் மெனுவைப் பாருங்கள். ஒரே பென்டிரைவ் இரண்டு வரியில் தெரியும்: ஒன்றின் முன்னால் ‘யூஇஎஃப்ஐ’ என்று இருக்கும், மற்றது வெறும் பெயராக நிற்கும். அந்த வெறும் பெயரைத் தட்டினால் மிண்ட் பழைய லெகசி முறையில் தொடங்கும், அதே முறையில்தான் இன்ஸ்டாலும் ஆகும். கடையிலிருந்து வரும்போதே விண்டோஸ் 10 ஏற்றப்பட்டிருந்த லேப்டாப் என்றால், அநேகமாக யூஇஎஃப்ஐ முறைதான். லெகசியில் ஏறிய மிண்டைத் தொடங்கிவைக்கும் கிரப் என்ற மென்பொருளின் மெனுவால் யூஇஎஃப்ஐ விண்டோஸைத் தொடங்கவும் முடியாது. உறுதி செய்ய, விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து எம்எஸ்இன்ஃபோ32 என்று அடியுங்கள். பயாஸ் மோட் என்ற வரியில் யூஇஎஃப்ஐ என்று இருக்கிறதா பாருங்கள்.

இதற்கும் மறு இன்ஸ்டால் தேவையில்லை. இந்த முறை ‘யூஇஎஃப்ஐ’ என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுத்து பென்டிரைவிலிருந்து மிண்டை ஓட்டுங்கள். இன்டர்நெட்டை இணைத்துவிட்டு, மெனுவில் அட்மினிஸ்ட்ரேஷன் பகுதியில் இருக்கும் பூட் ரிப்பேரைத் திறந்து, ‘ரெக்கமெண்டட் ரிப்பேர்’ பட்டனை அழுத்துங்கள். யூஇஎஃப்ஐக்கான கிரப்பை அதுவே இறக்கி, குட்டிப் பார்ட்டிஷனில் வைத்து, பட்டியலிலும் பெயரைச் சேர்த்துவிடும்.

இரண்டு தடவை இன்ஸ்டால் செய்ததால் டிஸ்கில் இப்போது இரண்டு மிண்ட் இருக்க வாய்ப்பு உண்டு. ஒன்று உருப்படியாக பூட் ஆன பிறகு, ஜிபார்ட்டட்டில் மற்றதை அழித்து இடத்தை மீட்கலாம். அளவு சின்னதாக இருக்கிறதே, எதற்கு என்று அந்த இஎஃப்ஐ பார்ட்டிஷனை மட்டும் அழித்துவிடாதீர்கள். அப்புறம் விண்டோஸும் எழுந்திருக்காது.

கேள்வி: விண்டோஸும் உபுண்டுவும் சேர்ந்து ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர். நீண்ட நாள் கழித்து விண்டோஸ் அப்டேட் போட்டேன். அதிலிருந்து உபுண்டுவைத் தொட்டால் ‘எஸ்பேட் டேட்டா ஃபெயில்டு, செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்’ என்று காட்டிவிட்டு மெஷின் அணைந்துவிடுகிறது. வைரஸா?

– கல்லூரி மாணவி

பதில்: வைரஸ் இல்லை. 2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் விட்ட ஓர் அப்டேட்டின் கைங்கரியம். ஓட்டை உள்ள பழைய கிரப் பதிப்புகளை செக்யூர் பூட் ஏற்காதபடி செய்வது அதன் நோக்கம். இரண்டு சிஸ்டம் உள்ள மெஷின்களை அது தொடாது என்றுதான் சொன்னார்கள், தொட்டுவிட்டது. 2025 மே மாத அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் இதைச் சரிசெய்தது. முந்தைய அப்டேட்டால் ஏற்கெனவே முடங்கிய மெஷின் என்றால், பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு உபுண்டுவுக்குள் போங்கள். (மேலே சொன்ன 48 இலக்க எண் உங்களுக்கும் வேண்டும்.) டெர்மினலில் ‘சூடோ மோக்யூடில் --செட்-எஸ்பேட்-பாலிசி டிலீட்’ என்ற கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் கொடுங்கள். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து மறுபடி உபுண்டுவுக்கே போய், கையோடு அதற்கு வந்திருக்கும் அப்டேட்டுகள் அனைத்தையும் போட்டுவிட்டு, செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்யுங்கள். அதை நிரந்தரமாக அணைத்து வைக்கச் சொல்லும் ஆலோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை.

கேள்வி: லினக்ஸ் போட்டதிலிருந்து விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது. சீமாஸ் பேட்டரி மாற்றியும் பயனில்லை.

– ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: பேட்டரிக் காசு வீண், ஐயா. மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. நமக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஐந்தரை மணி. லினக்ஸ் டெர்மினலில் ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ என்று கொடுத்துவிட்டு, விண்டோஸுக்குப் போய் நேரத்தை ஒருமுறை சிங்க் செய்யுங்கள்.