பதுளைக்குப் பேசப்போகிற பிள்ளைக்கு

கண்ணு,

சொந்தங்களின் நம்பர் எழுதிய அந்த நீல அட்டை நோட்டை உன் அப்பா உன் கையில் கொடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். இனி இலங்கைச் சொந்தங்களோடு பேசுகிற வேலை உன்னுடையது. பதினைந்து வயதில் என் அப்பாவுக்காகக் கடிதம் எழுத ஆரம்பித்து, அறுபது வருஷம் நான் பார்த்த வேலை அது. நன்றாகப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2025 நவம்பரில் டிட்வா புயல் அடித்தபோது, குன்னம் வீட்டுத் திண்ணையில் நாலு நாள் நீ போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அந்த முகத்தைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

1. பத்திரமாக இருக்கிறவர் முதலில் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 23 விடியற்காலையில் அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் விழுந்தது. சுமார் 150 பேர் செத்தார்கள். எனக்கு ஏழு வயது. பதுளைத் தோட்டத்தில் இருந்த என் அத்தை, கணக்கப்பிள்ளை வீட்டு ரேடியோவில் ‘அரியலூர்’ என்ற பெயரை மட்டும் கேட்டுவிட்டுத் துடித்திருக்கிறாள். என் அப்பாவோ, “நம்ம வீட்டு ஆளுங்க யாரும் அந்த ரயில்ல போகலையே, இதுல எழுத என்ன இருக்கு” என்று இருந்துவிட்டார். அத்தை கடிதம் போட்டு, அது வந்து, இவர் பதில் போய்ச் சேர ஒரு மாதம். அந்த ஒரு மாதமும் விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலைப் பார்த்து உட்கார்ந்து அழுவாளாம். டிட்வா இலங்கையை விட்டு நம் கரையோரம் ஏறியபோது, வீட்டை மண்ணுக்குள் விட்டுவிட்டு முகாமில் கிடந்தவர்கள், “உங்க பக்கம் மழை எப்படி?” என்று கேட்டார்களே, நினைவிருக்கிறதா? அவர்கள் கேட்கும்படி நாம் வைத்திருக்கக் கூடாது.

2. நோட்டில் போன் நம்பர் மட்டும் இருந்தால் போதாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்த லயம் (வரிசை வீடு), அதில் எத்தனையாவது காம்பரா (அறை), பக்கத்துக் காம்பராவில் யார், கோயில் பொறுப்பில் யார், பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம், கடன் சொல்லி அரிசி வாங்குகிற கடை எது என்று எல்லாம் எழுது. மண்சரிவில் கரண்ட் போய், டவரும் போனபோது நம்மிடம் இருந்த ஏழு நம்பரும் ஒரே சமயத்தில் ஊமையாகிவிட்டன. கடைசியில் தகவல் சொன்னது, கொழும்பில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பக்கத்துக் காம்பராப் பையன். அவன் நம்பர் நம்மிடம் இருந்ததே தற்செயல். வெளியூரில் இருக்கிற ஒரு ஆளின் நம்பர் எப்போதும் வேண்டும். அங்கே இடர் முகாமைத்துவ நிலையத்தின் எண் 117. கண்டியில் நம் நாட்டு உதவித் தூதரகம் இருக்கிறது. இவற்றையும் பேனாவால் தாளில் எழுதிக்கொள். போனுக்குள் இருப்பது போனோடு போகும்.

3. லைன் கிடைத்ததும் அழாதே. மூன்று கேள்வி கேள்: எங்க இருக்கீங்க, கூட யார் யார், உடனே என்ன வேணும்? அதன் பிறகு நீயே போனை வை. புயலுக்கு மறுநாள் பதுளை மாமாவிடமிருந்து ஒரு தடவை லைன் வந்தது. நம் வீட்டில் அதை ஆறு பேர் கை மாற்றினோம். ஆளுக்கு ஒரு அழுகை. எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும் முன் அவர் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அடுத்த குரல் கேட்க மூன்று நாள் ஆயிற்று. முதலில் போனைப் பிடுங்கியவன் நான்தான். பேச்சு போகாத இடத்துக்கும் சில சமயம் எழுத்துச் செய்தி போய்ச் சேரும். ஒரே வரியாக அனுப்பு.

4. எண்ணிக்கையைச் சுமந்து திரியாதே. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. முதல் நாள் நூற்றுக்கணக்கில் சொன்னார்கள். பிறகு அந்தக் கணக்கு வெகுவாகக் குறைந்தது. ஆனால் நான் காலையில் கேட்டதை அப்படியே கொண்டுபோய் என் அக்காவிடம் சொன்னேன். அவள் அடுப்படியிலேயே மயங்கி விழுந்தாள். நம் ஆட்கள் இருந்தது வேறு தோட்டம், வேறு மலை. டிட்வாவில் இலங்கை முழுக்க 600 பேருக்கு மேல் போனார்கள். கண்டி, பதுளை, நுவரெலியாப் பக்கம்தான் பெரிய அடி. அந்த எண் உண்மைதான். ஆனாலும் தன் பிள்ளையைத் தேடுகிற வீட்டுக்கு அது சேதியாகாது.

5. “ஏன் அங்கேயே இருக்கீங்க” என்று ஒருநாளும் கேட்காதே. இதை நான் கேட்டிருக்கிறேன். கொஸ்லாந்தைக்குப் பிறகு, பதுளை அத்தையின் இளைய மகனான சின்ன மச்சானிடம், “அன்னைக்கே கப்பல் ஏறியிருக்கலாம்ல” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை.

அந்தக் கப்பல் கதை உனக்குத் தெரிய வேண்டும். மருதையாற்று விபத்துக்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் பதவியை விட்டவர் லால் பகதூர் சாஸ்திரி. அவரே பிரதமராகி, 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவோடு ஒரு ஒப்பந்தம் போட்டார். மலையகத்து நம் சனத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரிந்தது. அத்தை வீட்டில் மூத்த மச்சானுக்கு இந்தியா, சின்னவருக்கு இலங்கை. மூத்தவர் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, கோத்தகிரியில் மறுபடி கொழுந்துதான் பறித்தார். அவர் நம் ஊருக்கு வந்தபோது ‘சிலோன்காரன்’ என்றுதான் கூப்பிட்டோம். வந்தவருக்கே நாம் கொடுத்த இடம் அவ்வளவு. அங்கே இருந்தவருக்கோ, நூறு வருஷத்துக்கு மேல் பாட்டன் பூட்டன் உழைத்த மலையில் ஒரு முழம் மண் சொந்தமில்லை. சரிவில் கட்டிக் கொடுத்த லயத்தை விட்டு எங்கே போவார்? நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியவன். அந்த ஒரு வருஷம் கழிந்து தைப் பொங்கலுக்கு அவரே கூப்பிட்டு, “மச்சான், மழை உண்டா?” என்றார். அதற்கு நான் சொன்ன பதில் எனக்கே கேட்கவில்லை.

6. பதறுவதற்குப் பதிலாக விசாரி. அங்கே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் எச்சரிக்கை விடுகிறது. சிவப்பு என்றால் கிளம்பியாக வேண்டும். மழைக் காலத்தில் அதை நீ இங்கிருந்தே பார்த்துக்கொள். “பயமா இருக்கா?” என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். “சிவப்பு போட்டிருக்காங்களே, பாட்டியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போயாச்சா?” என்று கேள். நம் நேரமும் அவர்கள் நேரமும் ஒன்றுதான். ராத்திரி பத்து மணி என்றால் அங்கேயும் பத்து மணி. அந்த நேரத்தில் கிழவியை நடத்திக் கூட்டிப் போவது எப்படி என்று யோசித்துப் பேசு.

7. இழப்பை மறைக்காதே. சின்ன மச்சான் வீட்டுக் காம்பரா இடிந்ததை என் அக்காவிடம் பத்து நாள் மறைத்தோம். எண்பது வயது, தாங்க மாட்டாள் என்று நினைத்தோம். தண்ணீர் பிடிக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. இடிந்ததற்காக அவள் அழவில்லை. “என்னை விட்டுட்டு நீங்களே அழுதுக்கிட்டீங்களா” என்றாள்.

8. பணம் அனுப்பினால் எவ்வளவு என்று மூன்றாம் ஆளிடம் சொல்லாதே. அனுப்புவேன் என்று முன்கூட்டிச் சொல்லவும் சொல்லாதே. போய்ச் சேர்ந்த பிறகு தெரிந்தால் போதும்.

9. எல்லோரும் மறந்த பிறகுதான் உன் வேலை ஆரம்பம். டிவியில் இரண்டு வாரம் காட்டினார்கள். அதன் பிறகு வேறு சேதி வந்துவிட்டது. தறப்பாள் கூரைக்கு அடியில் மாமா மூன்றாவது மாதமும் உட்கார்ந்திருந்தார். அப்படிப்பட்ட நாட்களில் நீயாகப் புயலைப் பற்றிப் பேசாதே. இங்கே மக்காச்சோளம் எந்தப் பதத்தில் இருக்கிறது, சின்ன வெங்காயம் என்ன விலை போகிறது, உன் பரீட்சை எப்போது என்று சொல். அவராகப் புயலை எடுத்தால் எத்தனையாவது தடவையானாலும் முழுசாகக் கேள். சொல்லிச் சொல்லித்தான் அவர் அந்த ராத்திரியை விட்டு வெளியே வருகிறார். நடுவில் பேச்சு நின்றுவிட்டால் நீ நிரப்பாதே. தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்கும், அதைக் கேட்டுக்கொண்டு இரு.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிடு. அந்த நேரத்தில் தேத்தண்ணியோடு எல்லோரும் ஒன்றாக இருப்பார்கள். போனைப் பெரும்பாலும் அந்த வீட்டுச் சின்னப் பயல்தான் எடுப்பான். எடுத்தவுடனே பெரியவர்களைக் கேட்காமல் அவனோடு கொஞ்சம் பேசு. பூனை எப்படி இருக்கிறது என்று கேள். மலை இரைந்த அந்த ராத்திரி, புத்தகப் பையைக் காம்பராவிலேயே போட்டுவிட்டு, பூனையைத்தான் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறான். இப்போது அது மூன்று குட்டி போட்டிருக்கிறதாம். ஒரு குட்டிக்கு உன் பெயரை வைத்திருக்கிறான்.