ஏரிக்கு ஓர் ஐந்தாண்டுத் திட்டம்

ஏரி வற்றிய ஆண்டில் அதனைப் பற்றிப் பேசுவதும், நிறைந்த ஆண்டில் அதனை மறப்பதும் நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டன. இதனை மாற்ற வல்லது முன்கூட்டியே வகுக்கப்பெறும் திட்டமேயாகும்.

1992-ஆம் ஆண்டின் 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பஞ்சாயத்துகளுக்கு உரியனவாகக் குறித்த 29 பொருள்களுள் சிறு பாசனமும் நீர் மேலாண்மையும் அடங்கும். ஆகவே, ஏரியைப் பேணுதல் நமது உரிமை மட்டுமன்று, கடமையுமாகும்.

முதற்கண் வேண்டுவது கணக்கு. 10 ஹெக்டேர் பரப்புள்ள ஏரியொன்றில் 30 சென்டிமீட்டர் உயரத்திற்கு வண்டல் படிந்துள்ளதெனக் கொள்வோம். அதனால் ஏரி இழக்கும் கொள்ளளவு 30,000 கன மீட்டர். அதாவது 3 கோடி லிட்டர். ஆளொன்றுக்கு நாள்தோறும் 55 லிட்டர் வீதம் 2,000 மக்களுக்கு வேண்டிய நீர் 1,10,000 லிட்டர். ஆவியாதலையும் நிலத்தில் இறங்குதலையும் நீக்கிப் பார்த்தால், நாம் இழந்தது ஏறத்தாழ ஒன்பது மாதத் தண்ணீருக்குச் சமமாகும்.

அடுத்து வேண்டுவது வரிசை. தூர் எடுப்பதே முதல் வேலை எனப் பலர் கருதுவர். வரத்துக்கால் அடைபட்டிருப்பின், ஆழப்படுத்திய ஏரியும் வெறும் பள்ளமே. எனவே முதலாண்டில் நில அளவைப் படத்தைக் கொண்டு வரத்துக்காலை அளந்து, ஆக்கிரமிப்பை நீக்கிச் சீர்செய்தல் வேண்டும். இரண்டாம் ஆண்டில் கரை, மதகு, கலிங்கு ஆகியவற்றைப் பழுது பார்க்கலாம். மூன்றாம், நான்காம் ஆண்டுக் கோடையில், உரிய அனுமதியுடன், கரையடியை விட்டுத் தள்ளித் தூர் எடுக்கலாம். மதகின் அடிமட்டத்திற்குக் கீழே தோண்டினால் அங்குத் தேங்கும் நீர் வயலுக்குப் பாயாது என்பதை நினைவிற் கொள்க. அள்ளிய வண்டல் வயலுக்கு எருவாகும். ஐந்தாம் ஆண்டில் நீர்ப்பிடிப்பு நிலத்தில் மரம் நட்டு, மண்ணரிப்பைத் தடுத்தல் நலம். சாக்கடையும் குப்பையும் ஏரியிற் சேராதபடி ஐந்தாண்டும் காத்தல் வேண்டும்.

இத்திட்டத்தின் கடினமான பகுதி பணமன்று. வரத்துக்காலில் வரப்பை நீட்டியவர் அங்கத்தினரின் உறவினராகவே இருத்தல் கூடும். அவருக்கு ஒரு நீதி, ஏழைக்கு ஒரு நீதி என்றானால் திட்டம் அன்றே முறிந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் கட்டடத்திற்கே பணத்தைச் செலவிட வேண்டுமென்ற வற்புறுத்தலும் எழும். அதற்கு மறுமொழி கூற மேற்கண்ட கணக்கே துணையாகும்.

மதகருகே அளவுகோல் நாட்டி, வாரந்தோறும் நீர்மட்டத்தைக் குறித்து வருக. அக்குறிப்பை அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபையில் படித்துக் காட்டி, செய்தது எது, செய்யாதது எது என ஊரார் முன் கூறுதல் வேண்டும். ஊரார் கேள்வி கேட்கும் திட்டமே உயிருள்ள திட்டமாகும்.