பொதுக் கோப்புறை கண்ணில் படாதபோது

ஊராட்சி அலுவலகத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ இரண்டு கணினிகள் இருக்குமாயின், ஒன்றிலுள்ள கோப்புறையை மற்றொன்றிலிருந்தும் திறக்குமாறு பொதுவில் வைப்பது வழக்கம். தீர்மான நகல்களும் உறுப்பினர் பட்டியலும் அதில் இருக்கும். ஒருநாள் அக்கோப்புறை திரையில் தோன்றாமற் போகின்றது. பட்டியல் அழிந்தது என்று கருதி, எழுத்தர் பழைய நகலொன்றை எடுத்து வேலையைத் தொடர்கின்றார். அன்று முதல் பட்டியல் இரண்டாகின்றது. எது சரியானது என்னும் வழக்கும் பிறக்கின்றது. இவ்விடர் நேராதிருக்க அறிய வேண்டுவனவற்றை, 2009-இல் வெளிவந்த விண்டோஸ் 7 கணினியை எடுத்துக்காட்டாகக் கொண்டு கூறுவோம்.

காணாமை வேறு, இல்லாமை வேறு

'நெட்வொர்க்' பகுதியில் தோன்றும் பெயர்ப்பட்டியல், கணினிகள் தம் இருப்பைத் தாமே அறிவிப்பதால் உண்டாவது. தமுக்கு அடிக்கப்படாவிட்டாலும் ஊர்க்கூட்டம் நடைபெறலாம் அன்றோ? அதுபோல, பட்டியலில் பெயர் இல்லாத கணினியும் இயங்கிக்கொண்டிருக்கலாம். ஆகவே முதலில் நேர் முகவரியைக் கொண்டு தேட வேண்டும். விண்டோஸ் விசையையும் 'ஆர்' விசையையும் சேர்த்து அழுத்துக. தோன்றும் கட்டத்தில் \\ என்று இரு சாய்கோடுகள் இட்டு, கோப்புறை உள்ள கணினியின் பெயரை எழுதி 'என்டர்' விசையை அழுத்துக.

கோப்புறை திறந்தால், பழுது அறிவிப்பில் மட்டுமே உள்ளது. பெயரால் திறவாது ஐ.பி. எண்ணால் திறந்தால், பெயரை அறிவதில் குறை உள்ளது. அனுமதி இல்லை என்று செய்தி வந்தால், உரிமை அளிப்பதில் குறை. எவ்வகையிலும் எட்டாவிடில், கணினி நிறுத்தப்பட்டுள்ளதா, கம்பி கழன்றுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

சரிசெய்யும் முறை

1. 'நெட்வொர்க் அண்டு ஷேரிங் சென்டர்' பகுதியில் இணைப்பு 'பப்ளிக்' என்றிருந்தால், 'ஒர்க்' என மாற்றுக.

2. அங்கேயே உயர்நிலை அமைப்புகளில் 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அண்டு பிரிண்டர் ஷேரிங்' ஆகிய இரண்டையும் இயக்குக.

3. இயக்கியும் நில்லாவிடில், 'சர்வீசஸ்' பட்டியலில் 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்', 'எஸ்.எஸ்.டி.பி. டிஸ்கவரி' ஆகியவை இயங்குகின்றனவா என்று காண்க.

4. பகிர்வுப் பெயரின் இறுதியில் $ குறி இருந்தால், அக்கோப்புறை பட்டியலில் தோன்றாது.

5. பகிர்வு உரிமை, கோப்பு உரிமை என இரண்டு உண்டு. இவற்றுள் கடுமையானதே செல்லும். ஆதலின் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

விண்டோஸ் எக்ஸ்பி கணினி, 'எஸ்.எம்.பி. 1' என்னும் பழைய முறையில்தான் கோப்புகளைப் பகிரும். 2017-இல் வந்த 1709 பதிப்பு முதல், புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் 10 அம்முறையை இயல்பாக ஏற்பதில்லை. அதை மீண்டும் இயக்கினால் கோப்புறை தோன்றும் என்று சிலர் கூறுவர். அவ்வாறு செய்யலாகாது. 2017 மே மாதம் பல நாடுகளில் கணினிகளை முடக்கிய 'வான்னக்ரை' அம்முறையிலிருந்த பழுதின் வழியே பரவியது. எக்ஸ்பிக்கு 2014-லும் விண்டோஸ் 7-க்கு 2020-லும் பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. எனவே பதிவேடுகளைப் புதிய கணினிக்கு மாற்றி, பழையதை இணையத்தினின்று விலக்கி வைப்பதே நலம்.

கணினியின் பெயரையும் கோப்புறையின் பெயரையும் ஒரு தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டி வைப்போமாக. நேர் முகவரியால் தேடிப் பாராது புதிய நகல் எதனையும் தொடங்கலாகாது என்பதை வழக்கமாகக் கொண்டால், ஊர்ப் பதிவேடு என்றும் ஒன்றாகவே நிற்கும்.