ஒவ்வொரு கம்பியும் எதைத் தாங்குகிறது?

அன்புள்ள தம்பிக்கு,

நீ கட்டிய சோப்வித் கேமல் மாதிரி விமானத்தின் படங்கள் வந்து சேர்ந்தன. 1/48 அளவில் முதல் இரட்டை இறக்கை விமானம், அதுவும் கம்பி இழுத்து முடித்த விமானம். பலர் மேலிறக்கையை ஒட்டும் கட்டத்திலேயே மலைத்துப்போய்ப் பெட்டியை மூடிப் பரணில் போட்டுவிடுவார்கள். நீ முடித்திருக்கிறாய். மனம் நிறைந்த பாராட்டு.

அடுத்ததை இன்னும் நன்றாகச் செய்ய என்னென்ன வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். பித்தளைத் தகட்டில் வரும் சீட் பெல்ட், ரெசினில் வார்த்த எஞ்சின், உலோகத் துப்பாக்கிக் குழல் என்று பட்டியலும் போட்டிருந்தாய். சீட் பெல்ட்டை மட்டும் வாங்கு. விமானி உட்காரும் இடம் திறந்தே இருப்பதால் அது கண்ணில் படும். மற்றவை இப்போது வேண்டாம். கிட்டை மேம்படுத்துவது என்றாலே உதிரிகளைச் சேர்ப்பது என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நிஜ விமானத்தில் எந்த உறுப்பு என்ன வேலை செய்தது, எந்தச் சுமையைத் தாங்கியது என்று தெரிந்தவனுக்குத்தான் கிட்டில் எது பிழை, எதைத் திருத்தினால் போதும் என்பது பிடிபடும். அது பிடிபட்டால் உப்புத்தாளும் ஒரு கூரிய கத்தியும் கொண்டே பாதி வேலையை முடித்துவிடலாம்.

உன் கேமலையே எடுத்துக்கொள்வோம். 1916 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்த விமானம் அது. அதன் மேலிறக்கை நுனிக்கு நுனி ஒரே மட்டமாக இருக்கும். கீழிறக்கை மட்டும் இருபுறமும் 5 பாகை மேல்நோக்கி எழுந்திருக்கும். தயாரிப்பு எளிதாக வேண்டும் என்பதற்காக மேலிறக்கையை நேராக்கிவிட்டு, அதற்கு ஈடாகக் கீழிறக்கையின் சாய்வைக் கூட்டினார்கள். ஆகவே முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு இறக்கைகளுக்கும் நடுவேயுள்ள வெளி உடலருகே அகன்றும் நுனியில் குறுகியும் தெரியும். தூரத்திலிருந்து பார்ப்பவர் இதைக் கேமல் என்று சொல்வதே அந்தக் குறுக்கத்தை வைத்துத்தான். உன் விமானத்தில் இடது கீழிறக்கை சரியாக எழுந்திருக்கிறது. வலதுபுறம் ஏறக்குறைய படுத்துவிட்டது. எத்தனை உதிரிகள் போட்டாலும் இந்தக் குறை மறையாது.

கணக்கு எளிது. நிஜக் கேமலின் இறக்கை அகலம் 28 அடி. 1/48-இல் அது 178 மி.மீ.க்குச் சற்றே குறைவு. 5 பாகை என்றால் கீழிறக்கையின் நுனி அடிப்பகுதியைவிட 7 மி.மீ. அளவுக்கு உயர்ந்திருக்க வேண்டும். கெட்டி அட்டையில் இந்த முன்தோற்றத்தை வரைந்து வெட்டி, இறக்கைக்கு அடியில் முட்டுக்கொடு. மெதுவாகக் காயும் பசையைப் போடு. ஃபெவிக்விக் இந்த இடத்துக்கு ஆகாது, திருத்த நேரமே தராது. ஓர் இரவு அப்படியே விட்டுவிடு.

மேலிறக்கைக்குக் கேமலே உனக்கு ஒரு வசதி செய்து தருகிறது. அது மட்டமான இறக்கை அல்லவா? வண்ணமும் டெக்கால் ஒட்டிகளும் முடித்த மேலிறக்கையை மென்மையான துணியின் மேல் கவிழ்த்துப் போட்டுவிட்டு, விமானத்தைத் தலைகீழாக அதன்மீது இறக்கு. மேசையே உனக்கு மட்டப்பலகை. உடலுக்கு மேலே இறக்கையைத் தாங்கும் நான்கு சிறு ஸ்ட்ரட்களை, அதாவது முட்டுக்கால்களை, முதலில் பிடிக்கவிடு. வெளியே பக்கத்துக்கு இரண்டாக உள்ள நீள ஸ்ட்ரட்களைப் பிறகு பொருத்து. பசை இறுகும் முன் வால் முனையிலிருந்து மேலிறக்கையின் இரு நுனிகளுக்கும் நூல் பிடித்துப் பார். இரண்டு நீளமும் ஒன்றாக இருந்தால் இறக்கை திருகவில்லை என்று பொருள்.

இனி கம்பிகள். கிட்டின் வரைபடத்தைப் பார்த்து எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்கு என்று இழுத்திருக்கிறாய், சரிதான். ஆனால் எல்லாக் கம்பியும் உனக்கு ஒன்றுபோலவே தெரிந்திருக்கிறது. விமானம் காற்றில் எழும்போது இறக்கைகள் மேலே மடங்கப் பார்க்கும். கீழிறக்கை உடலோடு சேரும் இடத்திலிருந்து வெளி ஸ்ட்ரட்டின் மேல்முனைக்குப் போகும் கம்பிகள்தான் அதைத் தடுத்துப் பிடிப்பவை. அவை பறப்புக் கம்பிகள். தரையில் நிற்கும்போது இறக்கைகள் தம் எடையால் தொங்கப் பார்க்கும். நடு ஸ்ட்ரட்டின் உச்சியிலிருந்து வெளி ஸ்ட்ரட்டின் அடிக்கு இறங்கும் கம்பிகள் அந்தச் சுமையை வாங்கிக்கொள்ளும். அவை இறங்கு கம்பிகள். பறப்புக் கம்பிகளில்தான் பாரம் அதிகம். அதனால் கேமலில் அவை இரட்டையாக ஓடும். ஒன்று குண்டு பட்டு அறுந்தாலும் இன்னொன்று தாங்கும். உன் விமானத்தில் அவை ஒற்றையாக இருக்கின்றன. இந்த ஒன்றைச் சரிசெய்தாலே உன் அடுத்த விமானத்துக்கு வேறு முகம் வந்துவிடும்.

தடிமனும் முக்கியம். நிஜத்தில் 6 மி.மீ. உள்ள கம்பி 1/48-இல் வெறும் 0.125 மி.மீ. நீ போட்டிருக்கும் நைலான் நூல் அதைப்போல மூன்று மடங்காவது இருக்கும். மெல்லிய தூண்டில் நரம்பு போதும். இறக்கைகளைப் பொருத்துவதற்கு முன்பே மேலிறக்கையின் அடிப்புறத்தில் 0.3 மி.மீ. துளைகளை மறுபக்கம் வராத ஆழத்துக்குப் போட்டு, நரம்புகளின் ஒரு முனையை அதில் ஒட்டிவிடு. கீழிறக்கையில் துளை முழுதாக ஊடுருவட்டும். மேலிறக்கை உறுதியாக நின்றபின் நரம்பைக் கீழ்த்துளை வழியே இறக்கி, நுனியில் துணி கிளிப் ஒன்றை மாட்டித் தொங்கவிடு. அதன் எடை போதும்; கையால் இழுத்தால் இறக்கை வளையும். ஊசி முனையில் ஃபெவிக்விக் ஒரு பொட்டு தொட்டுத் துளையில் வை. இடதில் ஒன்று இழுத்தால் அடுத்தது வலதில். காய்ந்தபின் மிச்சத்தை நறுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணத்தால் தொட்டுவிடு. கம்பிக்குப் பளபளக்கும் வெள்ளி நிறம் வேண்டாம். மங்கிய எஃகுச் சாம்பல் போதும்.

இறக்கைப் பரப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மரச்சட்டத்தின் மேல் லினன் துணியை இழுத்துப் போர்த்தி, டோப் என்னும் கரைசலைப் பூசுவார்கள். அது காயும்போது துணி சுருங்கி விறைப்பாகும். பழைய கிட்கள் பலவற்றில் சட்டங்களுக்கு நடுவே துணி தொய்ந்து கிடப்பதுபோல வார்த்திருப்பார்கள். அந்தத் தொய்வை நீர்விட்டு உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துக் குறை. இறக்கையின் பின் விளிம்பையும் அடிப்பக்கமாகத் தேய்த்து மெலிதாக்கு. காசு செலவில்லாத, பலன் பெரிதாகத் தெரியும் திருத்தம் இது.

எஞ்சினைச் சுற்றிக் கரும் புகைக்கறை தீட்டியிருக்கிறாய். அது கேமலுக்குப் பொருந்தாது. கேமல்கள் பலவற்றில் இருந்த கிளெர்ஜே எஞ்சினில் ஒன்பது சிலிண்டர்கள். நடுத்தண்டு விமானத்தோடு அசையாமல் நிற்க, சிலிண்டர்கள் அனைத்தும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுழலும். பெட்ரோல் கலவை எஞ்சினின் வயிற்றுக்குள் புகுந்தே சிலிண்டருக்குப் போகும் அமைப்பு. பெட்ரோலில் எளிதில் கரையாத எண்ணெய் வேண்டும் என்பதால் விளக்கெண்ணெயை ஊற்றினார்கள். ஒருமுறை உள்ளே போன எண்ணெய் திரும்பத் தொட்டிக்கு வராது. புகையோடு வெளியே சிதறிவிடும். எஞ்சின் மூடியின் கீழ்ப்பகுதி திறந்திருப்பதால் அது விமானத்தின் வயிற்றில் படியும். ஆகவே கறை கருப்பாக இருக்காது. பழுப்பு மஞ்சளாக, ஒளி ஊடுருவுவதாக, ஈரம் காயாததுபோல இருக்கும். ஆயில் பெயின்ட்டில் பழுப்பை மிகவும் நீர்க்கச் செய்து, அடிவயிற்றில் முன்னிருந்து பின்னாக இழு. அங்கே துணி நிறமேற்றாமல் விடப்பட்டிருக்கும். எண்ணெய் ஊறிய இடம் சற்றே இருண்டு தெரியட்டும்.

மேற்புறப் பச்சைப் பழுப்பு பற்றிச் சண்டை போடுபவர்கள் ஏராளம். பிசி 10 என்று அழைக்கப்பட்ட அந்தப் பூச்சு மஞ்சள் மண் நிறமியும் விளக்குக் கரியும் கலந்தது. கலவைக்குக் கலவை மாறியது, வெயிலிலும் வார்னிஷிலும் மேலும் மாறியது. நியாயமான எல்லைக்குள் உன் கண்ணை நம்பு. பழைய படங்களிலிருந்து நிறத்தை முடிவு செய்வதில்தான் எச்சரிக்கை வேண்டும். அக்காலத்து ஃபிலிம்களில் பெரும்பாலானவை சிவப்பு ஒளியை உணராதவை. சிவப்பு கருப்பாகவும் நீலம் வெளிறியும் பதியும்.

கடைசியாக, பொதுவான ஒரு கேமலைக் கட்டாதே. எண் உள்ள ஒரு விமானத்தை, குறிப்பிட்ட ஒரு மாதத்தில் இருந்தபடி கட்டு. கனடாக்காரரான வில்லியம் பார்க்கர் பி6313 என்ற ஒரே கேமலில் 46 வான்போர் வெற்றிகள் கண்டார். 28-ஆவது படைப்பிரிவிலிருந்து 66-க்கும், பிறகு 139-க்கும் மாறியபோது அதையும் கூடவே கொண்டுபோனார். அதன் அடையாளங்கள் வழியெங்கும் மாறின. உடலின் பின்பகுதியில் உள்ள கருப்பு வெள்ளைப் பட்டைகள் பிற்காலத்தவை. மாதத்தைத் தீர்மானிக்காமல் டெக்கால் ஒட்டினால், எந்த நாளிலும் இருந்திராத ஒரு விமானத்தைக் கட்டியவன் ஆவாய்.

அதே 28-ஆவது படைப்பிரிவில் கேமல் ஓட்டிய ஹர்தித் சிங் மாலிக்கைப் பற்றியும் படி. ராவல்பிண்டியில் பிறந்தவர், தலைப்பாகைக்கு மேல் அணியப் பெரிய அளவில் தைத்த தலைக்கவசத்தோடு பறந்தவர். 1917 அக்டோபரில் பார்க்கரோடு சென்ற ஒரு பறப்பில் காலில் குண்டடிபட்டு, 400-க்கும் மேற்பட்ட துளைகளோடு தரையிறங்கிப் பிழைத்தார். பிற்பாடு சுதந்திர இந்தியாவின் தூதராகப் பணியாற்றினார். நம் நாட்டில் இந்தக் கலையைச் செய்பவர்களின் அலமாரிகளில் அவருடைய விமானத்தை அதிகம் காண முடியாதது எனக்கு வருத்தம்.

லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் என்6812 என்ற நிஜக் கேமல் இருக்கிறது. அதன் படங்களைக் கம்பிகளின் முனைகளுக்காகவும் ஸ்ட்ரட் பொருத்தங்களுக்காகவும் பார்த்துக்கொள். வண்ணத்துக்குப் போர்க்காலப் படங்களையே நம்பு. எந்த விமானம், எந்த மாதம் என்று முடிவானதும் எழுது. என்னிடமுள்ள வரைபடங்களில் பொருந்துவதை நகலெடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்