ஒரகடம் சம்பளத்தில் எவ்வளவு கைக்கு வரும்?

படப்பையில் அறை எடுத்துத் தங்கி, ஒரகடத்திலோ வல்லம் வடகாலிலோ வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் முதல் சம்பளம் ஏறியதும் கேட்பது இதுதான்: “முப்பதாயிரம்னு சொன்னாங்க, இருபத்து நாலுதான் வந்திருக்கு. இவ்வளவு வரியா?” பெரும்பாலும் அந்த மாதம் வரி என்று ஒரு ரூபாய்கூடப் போயிருக்காது. பே ஸ்லிப்பைக் கையில் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே பாருங்கள்.

ஆஃபர் லெட்டரில் உள்ள சிடிசி தொகையை முதலில் மறந்துவிடுங்கள். நிறுவனம் கட்டும் பிஎஃப் பங்கு, கிராஜுவிட்டி, காப்பீடு, போனஸ் என்று உங்கள் கைக்கு மாதாமாதம் வராதவையும் அதில் சேர்ந்திருக்கும். மாதம் 30,000 சிடிசி என்றால் கிராஸ் (பிடித்தங்களுக்கு முந்தைய மாதச் சம்பளம்) 26,000 அளவில்தான் இருக்கும். கணக்கை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்து பிஎஃப். பேசிக்கும் டிஏவும் சேர்த்து 14,000 என்றால் 12 சதவீதமாக 1,680 ரூபாய் பிடிப்பார்கள். மிச்சம் 24,320. பிஎஃப் வரியல்ல, உங்கள் கணக்கில் சேரும் பணம். கிராஸ் 21,000க்குள் இருந்தால் இஎஸ்ஐக்கு 0.75 சதவீதமும் போகும். 20,000க்கு 150 ரூபாய். ஜூலையில் இன்கிரிமென்ட் வந்து 21,000ஐத் தாண்டினாலும் செப்டம்பர் வரை இஎஸ்ஐ பிடித்தம் தொடரும், மருத்துவப் பலனும் தொடரும். ஓடி (ஓவர்டைம்) பார்த்த பணத்துக்கு பிஎஃப் கிடையாது. கேன்டீன், பஸ் பிடித்தங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அவற்றை ஹெச்ஆரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதுதான் வரிக்கு வருகிறோம். நியூயார்க் நகரில் வசிக்கும் ஒருவர் ஒன்றிய அரசு, மாநில அரசு, நகராட்சி மூன்றுக்கும் தனித்தனியாக வருமான வரி கட்டுகிறார். இங்கே சம்பளத்துக்கு வருமான வரி போடுவது ஒன்றிய அரசு மட்டும்தான். உள்ளாட்சிக்குப் போவது தொழில் வரி. தமிழ்நாட்டில் அதை அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கிறார்கள்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. அரையாண்டு வருமானம் 21,000 வரை வரி இல்லை. 75,000ஐத் தாண்டினால் உச்ச விகிதம். அது அரையாண்டுக்கு 1,250 ரூபாய்க்கு மேல் போகாது. விகிதம் உள்ளாட்சிக்கு உள்ளாட்சி கொஞ்சம் வேறுபடும். நீங்கள் குடியிருப்பது படப்பை ஊராட்சியாக இருந்தாலும், பணம் போவது வேலை பார்க்கும் இடத்தின் உள்ளாட்சிக்கு. அரையாண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் பிடிப்பதால் சில நிறுவனங்களில் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கிலும் நிதியாண்டு முடியும் முன்பும் சம்பளம் திடீரென்று ஆயிரம் ரூபாய்க்கு மேல் குறையும். பதற வேண்டாம். ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்ற அரசியலமைப்பு உச்சவரம்பு 1988இல் வந்தது, இன்றும் அதுதான். 26,000 வாங்கும் ஆபரேட்டரும் இரண்டு லட்சம் வாங்கும் மேலாளரும் ஒரே தொகை கட்டுவது நியாயமாக எனக்குப் படவில்லை.

வருமான வரியைப் பொறுத்தவரை 2025–26 நிதியாண்டின் புதிய வரி முறையைப் பார்த்தால் போதும். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் நிறுவனம் அதைத்தான் எடுக்கும். சம்பளக்காரருக்கு 75,000 நிலையான கழிவு. அதுபோக மிஞ்சுவது 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடி போக வரி பூஜ்யம். அதாவது ஆண்டுக்கு 12.75 லட்சம் வரை கவலை இல்லை. ஓடி, ஷிப்ட் அலவன்ஸ், தீபாவளி போனஸ் எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கட்டிய தொழில் வரியைக் கழிக்கும் சலுகை பழைய முறையில் மட்டுமே உண்டு.

ஆண்டின் நடுவே கம்பெனி மாறும் பொறியாளர்கள்தான் உண்மையில் மாட்டிக்கொள்கிறார்கள், இந்தப் பகுதியில் அது சர்வ சாதாரணம். ஒருவர் செப்டம்பர் வரை மாதம் 90,000 வாங்கினார். பிறகு வேறிடத்தில் 1,30,000. முதல் நிறுவனம் ஆண்டுக்கு 10.8 லட்சம் என்று கணக்குப் போட்டு வரி பிடிக்காது. இரண்டாவது, தான் தரும் ஆறு மாதச் சம்பளமான 7.8 லட்சத்தை மட்டும் பார்த்து அதுவும் பிடிக்காது. கூட்டினால் 13.2 லட்சம். கழிவு ஒருமுறைதான், ஆக 12.45 லட்சம். விகிதப்படி வரி 66,750 வரும். ஆனால் 12 லட்சத்துக்கு மேலுள்ள தொகையைவிட வரி கூடக் கூடாது என்ற நிவாரணத்தால் 45,000 ஆகும். 4 சதவீத செஸ் சேர்த்தால் 46,800. ரிட்டர்ன் போடும்போது இதை மொத்தமாகக் கட்ட வேண்டும், அதோடு வட்டியும் விழலாம்.

தப்பிக்க வழி எளிது. புது இடத்தில் சேர்ந்த மாதமே பழைய சம்பள விவரத்தை எழுத்தில் ஹெச்ஆரிடம் கொடுங்கள். மீதி மாதங்களுக்குப் பிரித்துப் பிடிப்பார்கள். பழைய இடத்தில் தொழில் வரி பிடித்த ரசீதும் பே ஸ்லிப்பும் கையில் இருக்கட்டும், அதே அரையாண்டுக்கு இரண்டாம் முறை பிடித்தால் காட்டலாம். பிஎஃப்புக்குப் புது யுஏஎன் எடுக்காமல் பழைய எண்ணையே கொடுங்கள். ஜூன் நடுவில் இரண்டு நிறுவனங்களிடமும் ஃபார்ம் 16 கேட்டு வாங்கி, வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு ரிட்டர்ன் போடுங்கள்.