மேதையின் மனச்சுமை

ஏற்காட்டு மலையடிவாரத்துச் சேலத்தை அடுத்த ஈரோட்டில் 1887இல் பிறந்த கணித மேதை இராமானுஜன் என்றதும், நம் மாணவர்கள் 1729 என்ற எண்ணைச் சொல்லிவிடுவர். 1918இன் தொடக்கத்தில் அவர் இலண்டன் பாதாள இரயில் தண்டவாளத்தில் உயிரை விடப் பாய்ந்ததை எவரும் சொல்வதில்லை. சொல்லக் கூசுகிறோம் போலும்!

உலகப் போர்க்காலம், சைவ உணவைத் தாமே சமைக்க வேண்டிய நிலை, நோய், மருத்துவ விடுதிகளில் தனிமை. குடும்பப் பூசலால் மனைவி ஜானகியுடன் கடிதப் போக்குவரத்தும் தடைபட்டிருந்தது. காவலாளி ஒருவர் வண்டியை நிறுத்தியதால் பிழைத்தார். கைது செய்யப்பட்டவரைப் பேராசிரியர் ஹார்டி மீட்டு வந்தார். அதே ஆண்டு மே மாதம் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

1919இல் தாயகம் திரும்பிக் காவிரிக்கரைக் கொடுமுடியிலும் தங்கினார். நோய் தீரவில்லை, எழுத்தும் நிற்கவில்லை. 1920 சனவரியில் ஹார்டிக்குப் 'போலித் தீட்டா' சார்புகளைப் பற்றி எழுதினார். ஏப்ரல் 26இல், 32ஆம் வயதில் மறைந்தார். அக்காலத்தில் எழுதிய தாள்கள் 1976இல்தான் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன.