காற்றையும் வெயிலையும் விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: எங்கள் அறக்கட்டளைக் கல்லூரி காற்றாலை, சூரிய மின்சாரத்தை வாங்க முடியுமா?
– வாசகர், குலசேகரன்பட்டினம்

பதில்: தாராளமாக முடியும். 1986-லேயே உங்கள் மாவட்டத்து முள்ளக்காட்டில் காற்றாலைகள் சுழலத் தொடங்கிவிட்டன.

முதலில் கூரையில் சூரியத் தகடுகளைப் பொருத்துங்கள். அந்த மின்சாரம் தொலைவிலிருந்து கம்பி வழியே வருவதில்லை; அதனால் கடத்தல் இழப்பு இல்லை.

மீதித் தேவைக்குத் ‘திறந்த அணுகல்’ உண்டு. எங்கோ உள்ள உற்பத்தியாளரிடம் ஒப்பந்தம் போட்டு, மின்வாரியக் கம்பி வழியே மின்சாரத்தைப் பெறலாம். முன்பு 1 மெகாவாட் தேவை உள்ள பெரிய ஆலைகளுக்கே இது வாய்த்தது. 2022-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் வரம்பை 100 கிலோவாட்டாகக் குறைத்தன.

மூன்றாவது வழி, கூட்டு உரிமை. பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரு மின்நிலையத்தில் குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்து, உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது பயன்படுத்தினால், சலுகை விலையில் மின்சாரம் பெறுவோருக்கான மானியத்தை ஈடுகட்டத் திறந்த அணுகலில் வசூலிக்கும் ‘குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம்’ கிடையாது.

யூனிட் விலையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். கடத்தல் கட்டணம், இழப்பு எல்லாம் சேர்த்துக் கணக்கிடுங்கள். காற்று தென்மேற்குப் பருவத்தில்தான் பலமாக வீசும். ஆகவே சூரிய மின்சாரத்தையும் சேர்த்தே வாங்குங்கள்.